பாலத்து மேட்டில் ஒரு தயக்கம்

லாரியின் நெற்றியில் இருந்த பலகையில் 'கே. வி. ஸ்ரீனிவாசராகவன் அண்டு சன்ஸ், மயிலாப்பூர்' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. ஸ்ரீனிவாசராகவனுக்கு மூன்று குழந்தைகள், மூன்றும் பெண்கள். 'சன்ஸ்' இல்லாத கம்பெனியை மவுண்ட் ரோடில் யார் மதிப்பார்கள் என்பதற்காகப் போட்டுக்கொண்டார். அது போகட்டும். பெயர் பலகையின் நடுவில் ஆரம்பிக்காமல் வலது பக்கமாக ஒதுங்கி ஆரம்பித்தது. இடது பக்கத்தில் ஒரு முழம் காலியாகக் கிடந்தது. பெயின்டருக்கு அளவு தெரியவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பெயின்டர் மேல் தப்பில்லை. சர்க்கார் என்றைக்காவது மனமிரங்கி 'ராவ் சாகிப்' பட்டம் கொடுத்தால் எழுதுவதற்காக விட்டு வைத்த இடம் அது. இதை ஸ்ரீனிவாசராகவன் வாய் திறந்து யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் தெரியாதவர்களும் யாருமில்லை.

டிரைவர் மிக்கேலுக்கும் தெரியும். ஆனாலும் அவன் ஒரு நாளும் அந்தப் பலகையைப் பார்த்துச் சிரித்ததில்லை. அந்த லாரியைப் பார்த்து அவனுக்குக் கும்பிடத்தான் தோன்றும்.

காரணம் கடல். சாந்தோம் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த குப்பத்தில் பிறந்தவன் மிக்கேல். அப்பன், பாட்டன், மாமன், மச்சான் எல்லாரும் கட்டுமரக்காரர்கள். பதினாலு வயதில் அவனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். முதல் அலை தாண்டியதும் காலையில் குடித்த கஞ்சி வெளியே வந்தது. இரண்டாவது அலைக்கு முந்தின நாள் சாப்பிட்டதும் வந்தது. இரண்டு நாளில் பழகிவிடும் என்றார்கள். நாலு வருஷம் பழகிப் பார்த்தான். 'வாந்தி மிக்கேல்' என்ற பெயர் பழகியதே தவிர கடல் பழகவில்லை. "இவன் மரத்துல ஏறினா மீனுங்க தானா வருதுபா, தீனி கெடைக்குதுன்னு" என்பான் மச்சான் சூசை. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

பிறகு ஒரு பஸ்ஸில் கிளீனராக ஒட்டிக்கொண்டு, வண்டி ஓட்டக் கற்று, லைசென்ஸ் வாங்கி, ஸ்ரீனிவாசராகவனிடம் வந்து சேர்ந்தான். ஆதம்பாக்கத்துச் சூளையில் செங்கல் ஏற்றி, சைதாப்பேட்டைப் பாலம் தாண்டி, தியாகராய நகரில் புதிது புதிதாக எழும்பிக்கொண்டிருந்த வீடுகளுக்கு இறக்குவது வேலை. தினமும் காலையில் லாரியின் படியில் கால் வைக்கும்போது கீழே பூமி ஆடாமல் நிற்கிறதே என்று மாதாவுக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் ஏறுவான்.

அப்படிப்பட்ட லாரிக்குத்தான் ஐப்பசி பிறந்ததும் ஒரு வியாதி வந்தது.

ஆயுத பூஜைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஸ்ரீனிவாசராகவன் முப்பது வருஷம் சர்க்கார் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர்; டர்பனை இன்னும் கழற்றவில்லை. எதையும் பாதியில் விடமாட்டார். மற்ற லாரிக்காரர்கள் ரேடியேட்டரில் ஒரு பொட்டு வைத்து எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இவர் பானெட்டைத் திறக்கச் சொல்லி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எஞ்சினில் கைக்கு எட்டிய சாமானுக்கெல்லாம் நாமம் சாத்தினார். அதில் முக்கியமானது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. கறுப்பாக, அரக்கு மாதிரி மினுமினுவென்று, தலையில் நடுவே ஒரு கொம்பும் சுற்றி ஆறு கொம்புமாக இருக்கும். காயிலிலிருந்து மின்சாரம் நடுக்கொம்பில் இறங்கும். ஆறு கொம்புகள் வழியாக முறை வைத்து ஆறு பிளக்குக்கும் பங்கு போகும்; அங்கே பொறி தட்டினால்தான் பெட்ரோல் எரியும். அதைப் பார்த்ததும் ஸ்ரீனிவாசராகவனுக்குக் கிரீடம் மாதிரி தோன்றிவிட்டது. நடுக்கொம்பின் அடியிலிருந்து மூடியைப் பிடித்திருக்கும் இரும்புக் கிளிப் வரை நீட்டாகச் சிவப்புக் கோடு, இரண்டு பக்கமும் வெள்ளை. மழை வந்தால் கரையக்கூடாது என்று திருமண்ணையும் குங்குமத்தையும் சோற்றுக் கஞ்சி விட்டுக் குழைத்திருந்தார். தூரத்தில் நின்று பார்த்துத் தானே தலையாட்டிக்கொண்டார்.

வெயில் இருந்தவரை ஒன்றுமில்லை. முதல் மழை பெய்த மறுநாள் காலை, லோடோடு சைதாப்பேட்டைப் பாலத்து மேட்டில் ஏறும்போது மிக்கேல் ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். வண்டி யோசித்தது. கடன் கேட்டு வந்தவனுக்கு வீட்டுக்காரர் உள்ளே இருந்துகொண்டே பதில் சொல்லத் தயங்குவாரே, அப்படி ஒரு தயக்கம். அப்புறம் இரண்டு இருமல், ஒரு குலுக்கல், கொஞ்சம் ஓட்டம், மறுபடி தயக்கம். மாட்டு வண்டிகள் ஒவ்வொன்றாக அவனைத் தாண்டிப் போயின.

"இன்னா நைனா, குதிரைக்குக் கக்குவான் இருமலா? கஷாயம் ஊத்து!" என்றான் ஒரு வண்டிக்காரன்.

"என் மாட்டக் கட்டி இஸ்துக்கினு போவட்டா?" என்றான் அடுத்தவன். "வாடகை வோணாம், ஓனரு டர்பனக் குடுத்தா போதும்!"

விஷயம் மயிலாப்பூருக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று மாலையே கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் ஸ்ரீனிவாசராகவனும் எதிர்வீட்டு புரொபஸர் சங்கரனும். சங்கரன் காலேஜில் இருபத்தெட்டு வருஷமாக மின்சாரப் பாடம் நடத்துகிறவர். அவர் வீட்டில் மட்டும் மண்ணெண்ணெய் விளக்கு. மின்சாரத்தை முழுக்கத் தெரிந்தவன் அதை வீட்டுக்குள் விடமாட்டான் என்பது அவர் கட்சி.

"இக்னிஷன் கோளாறு. சந்தேகமே இல்லை" என்றார் சங்கரன்.

அதில் சந்தேகமில்லைதான். எந்தச் சாமானை மாற்றுவது என்பதில்தான் விஷயம் இருந்தது. மவுண்ட் ரோடு கம்பெனி ஒன்றின் விலைப்பட்டியல் மேஜை மேல் இருந்தது. ஸ்ரீனிவாசராகவன் அதைக் கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி விரித்தார்.

"காயில், பிளக், பாயின்ட், கண்டென்சர், மூடி. இதுல எதுக்கு விலை ஜாஸ்தி?"

"காயிலுக்கு" என்றார் சங்கரன்.

"அப்போ அங்கேதான் கோளாறு இருக்கணும். நம்ம வண்டிக்கு அல்ப சாமான்ல கோளாறு வராது."

தீர்மானம் நோட்டுப் புத்தகத்தில் ஏறியது. புதுக் காயில் வந்தது. வந்ததும் பூஜை. ஸ்ரீனிவாசராகவன் நாமத்தோடு வர, காயிலைச் சிபாரிசு செய்தது தான் என்பதால் அதற்கு விபூதிதான் போடவேண்டும் என்று சங்கரன் நின்றார். அரை மணி வாதத்துக்குப் பிறகு காயிலுக்கு விபூதியும் மூடிக்கு இன்னொரு பூச்சு நாமமுமாக உடன்பாடு ஆயிற்று. பதினோரு மணி வெயிலில், வெறும் வண்டியில், கச்சேரி ரோடில் ஒரு ரவுண்டு. லாரி வெண்ணெயாக ஓடியது.

"சயன்ஸ்!" என்றார் சங்கரன்.

"சாமி, இது வெறும் வண்டி. வெயில் வேற அட்ச்சிகினு கீது. காத்தால ஈரத்துல, லோடு ஏத்தினாத்தான்..." என்று ஆரம்பித்தான் மிக்கேல்.

"வண்டிக்கு என்னடா ஜலதோஷமா பிடிக்கும்?" என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

மறுநாள் காலைத் தூறலில் வண்டிக்கு ஜலதோஷம் பிடித்தது.

இரண்டாவது கமிட்டியில் ஆறு பிளக்குகள் தீர்மானமாயின. ஒவ்வொரு பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் குச்சியால் குட்டிக் குட்டி நாமம்; மூடிக்கு மூன்றாவது பூச்சு. வெயிலில் ரவுண்டு. வெண்ணெய். மறுநாள் மழை. பாலத்து மேட்டில் லாரி இருமிய இருமலில் பின்னால் வந்த மாடு ஒன்று மிரண்டு நுகத்தைக் கழற்றிக்கொண்டது.

"இனிமே சாமான் மேல குத்தம் சொல்ல முடியாது" என்றார் ஸ்ரீனிவாசராகவன். "உன் வலது கால்லதான் தோஷம். தியாகராய நகர் காண்டிராக்டர் என்ன சொல்லி அனுப்பியிருக்கார் தெரியுமோ? இன்னொரு தடவை செங்கல் லேட்டானா மாட்டு வண்டிக்கே கொடுத்துடறாராம். காஞ்சிபுரத்துலேர்ந்து ஒரு ரைஸ் மில்காரர் வெள்ளிக்கிழமை வண்டியைப் பார்க்க வரார். அன்னிக்கும் இப்படி நின்னா, வித்துடுவேன். அவருக்குச் சொந்தமா டிரைவர் இருக்கானாம்."

அன்று வீட்டில் மிக்கேலுக்குச் சோறு இறங்கவில்லை. சேதி அதற்குள் குப்பத்துக்கு வந்துவிட்டது. மச்சான் சூசை அன்பாகத் தோளைத் தட்டினான்.

"இன்னாத்துக்கு மச்சி மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீறே? என் மரத்துல ஒனக்கு எடம் எப்பவும் கீது. சனிக்கெயம வந்துடு."

மிக்கேலுக்குக் கேட்டபோதே வாயில் எச்சில் ஊறியது. அது எதற்கு முன்னால் ஊறும் எச்சில் என்று அவன் மனைவி ஜெசிந்தாவுக்குத் தெரியும். "இன்னாயா, தரையிலயேவா?" என்று கேட்டபடி வாசல் பக்கம் திருப்பி உட்கார வைத்தாள்.

புதன்கிழமை காலை. வெளிச்சம் இன்னும் முழுக்க வரவில்லை. சாரல். பாலத்து மேட்டில் லாரி வழக்கமான இடத்தில் தயங்கி, இருமி, இழுத்துக்கொண்டு நின்றது. மிக்கேல் எஞ்சினை அணைக்காமல் இறங்கி, மழைக்குத் தலையில் ஒரு கோணியைப் போட்டுக்கொண்டு பானெட்டைத் தூக்கிக் குனிந்தான். கோணிக்குள் கன்னங்கரேலென்று இருந்தது. அந்த இருட்டில்தான் பார்த்தான்.

நாமம் எரிந்துகொண்டிருந்தது.

நடுக்கொம்பின் அடியிலிருந்து சிவப்புக் கோட்டு வழியாக நீலப் பொறி ஒன்று புழு மாதிரி நெளிந்து ஓடிக் கிளிப்பில் போய் மறைந்தது. மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. பட், பட், பட். மிக்கேல் சிலுவை போட்டுக்கொண்டான். பெருமாள் ஏதோ காட்டுகிறார், அதுவும் மாதா கோயிலுக்குப் போகிற ஒரு வேதக்காரனுக்கு எதற்குக் காட்டுகிறார் என்று மயிர்க்கூச்செறிந்தது. பயபக்தியோடு ஒரு விரலைக் கிட்டே கொண்டு போனான். பெருமாள் முழங்கை வரை ஒரு உதறு உதறினார். அப்போதுதான் அவனுக்குள் இருந்த டிரைவர் விழித்துக்கொண்டான். பிளக்குக்குப் போகவேண்டிய நெருப்பு இங்கே என்ன வேடிக்கை காட்டுகிறது?

செங்கல்லை லேட்டாக இறக்கிவிட்டு நேரே மெஹபூப் பாஷாவிடம் போனான். மவுண்ட் ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய மோட்டார் சாமான் கடை வைத்திருப்பவர் பாஷா. உடைந்த லாரிகளைப் பிரித்து, நல்லதை எடுத்துத் துடைத்து அடுக்கி வைத்திருப்பார். மிக்கேல் சொல்லி முடிப்பதற்குள் அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"கஞ்சி ஊத்திக் கொழைச்சாரா? அட்றா சக்கை! கஞ்சி ஈரத்த இழுத்து வெச்சிக்கும் நைனா. வெயில்ல காஞ்சிடும், வண்டி ஓடும். மயையில ஊறும். மேட்டுல லோடு இழுக்கச் சொல்ல நெருப்புக்கு பிளக்குல பூர்றது கஷ்டம். பக்கத்துலயே சேப்பு ரோடு போட்டு வெச்சா அது ஏன் கஷ்டப்படுது? ஜாலியா அப்டியே எறங்கிப் போயிடும்."

"அப்ப தொட்ச்சா சரியா பூடுமா பாய்?"

"தொட்ச்சா நாலு நாளு ஓடும். இத்தினி நாளு நெருப்பு ஓடுன தடம் கரியா உள்ள எறங்கிகினு இருக்கும். கரியிலயும் கரண்டு ஓடும். மூடியத்தான் மாத்தணும். என்கிட்ட கீது. ஒங்க ஓனரு சரின்னு சொன்னா எட்த்துக்கினு போ."

"நீ வந்து சொல்லு பாய். நாமந்தான் கோளாறு, அழிச்சுடுங்கன்னு."

பாஷாவின் சிரிப்பு நின்றது. "நானா? நல்லா கீதே! ஒரு பாய் போயி, சாமி நாமத்த அழின்னு சொல்றதா? நீ சொல்லேன்."

"நான் வேதக்காரன் பாய்."

பாஷா ஒரு பழைய சாமானை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

"அவரு ஒண்ணும் அடிக்கிற ஆளில்ல" என்றார் பாஷா. "மனசு நோவும். அத்தத்தான் யோசிக்கிறேன். எத்தினி ஆசையா போட்டிருப்பாரு."

வியாழக்கிழமை மாலை மூன்றாவது கமிட்டி. வெளியே மழை. பட்டியலில் அடுத்தபடியாகப் பாயின்டும் கண்டென்சரும் இருந்தன. நாளை ரைஸ் மில்காரர் வருவதால் இன்றே முடிவெடுத்தாக வேண்டும். என்ன தோன்றியதோ, ஸ்ரீனிவாசராகவன் வாசற்படியில் நின்ற மிக்கேலைப் பார்த்து, "நீ என்னடா சொல்றே?" என்று கேட்டுவிட்டார்.

மிக்கேலின் காலடியில் தரை கட்டுமரம் மாதிரி லேசாக ஆடியது.

"மூடி... சாமி."

"மூடிக்கென்ன?"

"மூடி... மேல... கொஞ்சம்... பழசாயிட்ச்சு சாமி."

சங்கரன் பட்டியலைப் புரட்டினார். "மூடியா? கடைசிப் பக்கம். ஹார்ன் ரப்பருக்குப் பக்கத்துல போட்டிருக்கான்."

"அல்ப சாமான்" என்றார் ஸ்ரீனிவாசராகவன். விஷயம் முடிந்தது. கண்டென்சர் தீர்மானமாயிற்று.

மிக்கேல் கொல்லைப் பக்கம் நடந்தான். வேறு ஒரு வழிதான் அவனுக்குத் தோன்றியது: யாரிடமும் சொல்லாமல் தானே துடைத்துவிடுவது. நாலு நாள் ஓடினால் வெள்ளிக்கிழமை தப்பிவிடும். கிணற்றடியில் எஜமானி ஜானு வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். மூன்று பெண்களையும் கட்டிக் கொடுத்த பிறகு அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே சபலம் வெற்றிலைதான். ஒரே மனக்குறை நல்ல சுண்ணாம்பு கிடைக்காததுதான்.

"அம்மா, ஒரு கந்தல் துணி இருந்தா குடுங்கம்மா."

"எதுக்கு?"

"தொடைக்கம்மா."

"எதைத் துடைக்க?"

மிக்கேல் லாரி ஷெட் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். ஜானு வெற்றிலையை மடித்த கையோடு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏண்டாப்பா, துணி கேட்கறதுக்கு ஏன் திருடன் மாதிரி முழிக்கறே? என்ன பண்ணிட்டே?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா." மிக்கேல் அப்படியே குந்திவிட்டான். "நாளைக்கு வண்டி நின்னா சாமி வித்துடுவாரு. எங்க மச்சான் கட்டுமரத்துல எடம் போட்டு வெச்சிகினு கீறான். எனக்குக் கடலு ஆவாதும்மா. கரையில நின்னுகினு பாத்தாலே கொடலப் பொரட்டுது. ஒரு தபா நீங்களே வந்து பாருங்கம்மா, நான் வாயால சொல்ல மாட்டேன்."

ஜானு எழுந்தாள். ஷெட்டின் வாசலில் மிக்கேல் இரண்டு கோணிகளைத் தொங்கவிட்டான். உள்ளே இருட்டு. எஞ்சினை ஓடவிட்டு பானெட்டைத் தூக்கினான். மழைக் காற்றில் ஊறிப்போயிருந்த நாமத்தில் நீலப் பொறி ஜோராக ஓடியது. பிளக்குகளின் குட்டி நாமங்களில்கூட இங்கொன்றும் அங்கொன்றுமாக மினுக்கல். சின்னதாக ஒரு தீபாவளி.

ஜானு ஒரு நிமிஷம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு சிரித்தாள். வெற்றிலை புரையேறும் அளவுக்குச் சிரித்தாள்.

"இதைச் சொல்லவா இத்தனை தயக்கம்?"

"எப்டிம்மா சொல்றது? நான் வேதக்காரன். பழைய சாமான் கடை பாய்கிட்ட சொல்லச் சொன்னா, நான் பாயின்றாரு."

"ஓஹோ. அப்போ நான்தான் மிச்சம்." ஜானு வாசல் பக்கம் குரல் கொடுத்தாள். "ஏன்னா! கமிட்டியோட இங்கே வாங்கோ!"

கமிட்டி வந்தது, பார்த்தது. ஸ்ரீனிவாசராகவனின் முகத்தில் நீல வெளிச்சம் விழுந்து விழுந்து மறைந்தது. மிக்கேல் கண்ணை மூடிக்கொண்டான்.

"நாமத்துல..." என்றார் ஸ்ரீனிவாசராகவன். "நாமத்தையா அழிக்கச் சொல்றேள்?"

"ஏன், கோவில்ல பெருமாளுக்குத் திருமஞ்சனம் ஆறச்சே பழைய திருமண்ணை எடுத்துட்டுத்தானே புதுசு சாத்தறா?" என்றாள் ஜானு. "அங்கே பட்டர் கையைப் பிடிச்சு, அழிக்காதேயும்னு சண்டை போட்டேளா? ஒரு பூச்சு மேல ஒரு பூச்சா மூணு பூச்சு அப்பிண்டே போனா பெருமாளுக்கே மூச்சு முட்டும். இது பாவம், லாரி."

ஸ்ரீனிவாசராகவன் யோசித்தார். முப்பது வருஷ சர்க்கார் வேலையில் அவருக்கு முன்மாதிரி ஒன்று காட்டினால் போதும். திருமஞ்சனம் நல்ல முன்மாதிரி.

"எஞ்சினை நிறுத்து" என்றார். ஜானு கைப்பிடித் துணி ஒன்றை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. தோளில் இருந்த அங்கவஸ்திரத்தை எடுத்து, தண்ணீரில் நனைத்து, குழந்தைக்கு முகம் துடைப்பது போல மெதுவாகத் தானே துடைத்தார். அதைப் பார்த்து மிக்கேலுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. பாய் சொன்னது சரிதான், ஆசையாகப் போட்ட நாமம். துடைத்த இடத்தில் கறுப்பு மூடியின் மேல் இன்னும் கறுப்பாக, மயிரிழை போல ஒரு தடம் ஓடியது.

"கார்பன் லீக்கேஜ்" என்றார் சங்கரன். "நான் முதல் நாளே சொன்னேன்."

"எப்போ சொன்னீர்?"

"மனசுக்குள்ளே சொன்னேன்."

ஜானு அதற்குள் அந்தக் கைப்பிடித் துணியால் பிளக்குகளையும், யாரும் கேட்காமலே காயிலின் விபூதியையும், துடைத்து முடித்திருந்தாள்.

தடம் உள்ளே இறங்கிவிட்டால் மூடியை மாற்றத்தான் வேண்டும் என்று பாய் சொன்னதை மிக்கேல் சொன்னான்; கடை மூடுவதற்குள் அவனும் கமிட்டியும் பாஷாவின் சந்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பாஷா நாலு மூடிகளை எடுத்து வைத்தார். ஸ்ரீனிவாசராகவனின் கை நேராக, படம் போட்ட அட்டைப் பெட்டியில் தாமரைப்பூ மாதிரி உட்கார்ந்திருந்த பழுப்பு மூடிக்குப் போனது.

"இதுதானே விலை ஜாஸ்தி?"

"ஆமா சாமி. ஜோரான சாமான். ஆனா இதுக்கு நாலு கொம்புதான். ஒங்க வண்டிக்கு ஆறு."

ஸ்ரீனிவாசராகவன் கொம்புகளை இரண்டு தடவை எண்ணினார். கூடவில்லை. சங்கரனும் எண்ணிப் பார்த்து ஆமோதித்தார்.

ஆறு கொம்பு மூடி மூன்று இருந்தன. பாஷா ஒன்றைக் கையில் எடுத்து நகத்தால் சுண்டினார், 'டொக்' என்றது. ஒதுக்கிவிட்டார். "உள்ள விரிசல் கீது. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும்." அடுத்ததைச் சுண்டினார், 'டிங்' என்றது. கவிழ்த்து, நடுவில் இருந்த கரிக் குச்சியை விரலால் அமுக்கினார்; அமுங்கியது எழும்பவில்லை. அதற்கும் இடமில்லை. மூன்றாவது, பார்வைக்கு மங்கல். கோடு கோடாகக் கீறல். எங்கோ திருச்சி ரோடில் மரத்தில் மோதிய லாரியிலிருந்து வந்தது. சுண்டினால் மணி மாதிரி இருந்தது. கரிக் குச்சி எலி மாதிரி குதித்தது. விளக்குக்கு நேரே பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மிக்கேலின் கையில் கொடுத்தார். பழைய மூடிக்குள் சுழலும் விரல் போன்ற துண்டின் முனையும் எரிந்திருக்கும் என்று சொல்லி, அதிலும் ஒன்று கொடுத்தார்.

"இது மூஞ்சிக்கு அழகில்ல சாமி. ஆனா நல்ல ஜாதி. கொம்பு வெளிய கீதுன்னு அத்தப் பாக்கறீங்க, வேல உள்ள நடக்குது."

பட்டியலின் கடைசிப் பக்கத்துச் சாமானை, அதுவும் பழசை, ஸ்ரீனிவாசராகவன் மறுபேச்சில்லாமல் வாங்கினார். காஞ்சிபுரம் காலையில் வருகிறதே.

ஷெட்டில் மிக்கேல் மூடியைப் பொருத்தி, ஆறு ஒயர்களையும் முறை தவறாமல் சொருகி நிமிர்ந்தான். எதிரே ஸ்ரீனிவாசராகவன் கையில் கிண்ணத்தோடும் குச்சியோடும் நின்றார். புதுச் சாமான், வெறும் நெற்றியாக எப்படி விடுவது? கஞ்சிகூட சூடாக இருந்தது. மிக்கேல் மூடியை மறைத்துக்கொண்டு நின்றானே தவிர வாயைத் திறக்கவில்லை.

ஜானுதான் திறந்தாள். "உள்ளே மூடி வைச்சா யார் சேவிக்கப் போறா? நாலு பேர் கண்ல படற இடமாப் போடுங்கோ. அதோ பலகையில உங்க பேருக்கு முன்னாலே ஒரு முழம் காலியாவே கிடக்கே, அங்கே போடுங்கோ. எதுக்கோ விட்டு வெச்ச மாதிரி அளவா இருக்கு."

ஸ்ரீனிவாசராகவன் பலகையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அந்த இடம் எதற்கு என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எப்படிச் சொல்வது? பெருமாளுக்கு இடமில்லை, கவர்னர் தரப்போகும் பட்டத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன் என்றா? ஜானு வெற்றிலையை மென்றுகொண்டு வேறெங்கோ பார்த்தாள். அவர் ஏணி கொண்டுவரச் சொல்லி ஏறி, ஒரு முழ உயரத்துக்கு அழகாக, நிதானமாக நாமம் சாத்தினார். இறங்கி வந்து தூரத்தில் நின்று பார்த்தார். உண்மையில் பலகை இப்போதுதான் நேராக இருந்தது. அவருக்கே அது பிடித்துப்போயிற்று.

வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை கொட்டியது. செங்கல் லோடின் முன்னால் மூன்று பேர்: ஸ்டியரிங்கில் மிக்கேல், நடுவில் டர்பனோடு ஸ்ரீனிவாசராகவன், ஓரத்தில் காஞ்சிபுரத்து ரைஸ் மில்காரர். பாலத்து மேடு வந்தது. வழக்கமான இடம் வந்தது. மிக்கேல் மாதாவை நினைத்துக்கொண்டான், பலகையில் இருந்த பெருமாளையும் நினைத்துக்கொண்டான், ஆக்ஸிலேட்டரை அழுத்தினான்.

லாரி யோசிக்கவில்லை. கூப்பிட்ட குரலுக்கு 'இதோ' என்று எழுந்து வருகிற ஆள் மாதிரி, ஒரே மூச்சில் மேடேறியது.

"இன்னா நைனா, இருமலு போச்சா?" என்று கத்தினான் மாட்டு வண்டிக்காரன், வழி விட்டுக்கொண்டே.

"போச்சு மாமா! பூடுச்சு!" என்று கத்தினான் மிக்கேல். கண்ணில் நீர் வந்து பாலம் மங்கியது. நல்லவேளை, மழை பெய்துகொண்டிருந்ததால் ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ரைஸ் மில்காரருக்கு வண்டி பிடித்துவிட்டது. "கோளாறுன்னு சொன்னாங்களே? எப்படிச் சரி பண்ணினீங்க?"

ஸ்ரீனிவாசராகவன் தொண்டையைக் கனைத்தார். "அது வந்து, நான் ஒரு கமிட்டி போட்டு, பட்டியலைத் தீர ஆராய்ஞ்சு..." என்று ஆரம்பித்தவர், பக்கத்தில் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டிய மிக்கேலைப் பார்த்தார். என்னவோ, வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. "எங்க டிரைவர் கண்டுபிடிச்சான்" என்றார். "வண்டியைக் கொடுக்கறதா இல்லை. மன்னிக்கணும்."

சம்பளம் கூட்டிக் கொடுத்திருந்தால்கூட மிக்கேல் அந்த வாக்கியத்தை அவ்வளவு நாள் சொல்லிக்கொண்டு திரிந்திருக்க மாட்டான்.

நன்றிக் கடன்களை அவன் ஞாயிற்றுக்கிழமை வரிசையாகத் தீர்த்தான். மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி. பாஷாவுக்கு ஒரு முழு வஞ்சிரம். பிடித்தது மச்சான், வெட்டிச் சுத்தம் செய்தது ஜெசிந்தா, தூக்கிக்கொண்டு போனது மட்டும் அவன். ஜானு விஷயத்தில்தான் அவனும் ஜெசிந்தாவும் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். குப்பத்தில் கொடுப்பதற்கு இருந்தது ஒன்றே ஒன்று. அதை மயிலாப்பூர் அய்யங்கார் வீட்டு வாசலுக்குக் கொண்டு போக முடியுமா?

அடுத்த வியாழக்கிழமை காலை கிணற்றடியில் ஒரு கூடை இறங்கியது. நிறையக் கிளிஞ்சல். பொறுக்கி எடுத்தது; நாலு தண்ணீரில் கழுவி, வெயில் கிடைத்த நேரமெல்லாம் காயவைத்தது; பல் மாதிரி வெளுப்பு.

"வெத்தலைக்கு நல்ல சுண்ணாம்பு கெடைக்கலன்னு சொல்லிகினு இருந்தீங்களேம்மா. இத்தச் சுட்டு, தண்ணி ஊத்தி நீத்தினா வெண்ணெ மாதிரி வரும்."

ஜானு ஒரு கிளிஞ்சலை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள், பாஷா மூடியைப் பார்த்த மாதிரியே. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ஏண்டாப்பா, இத்தனை வருஷத்துல கடல்லேர்ந்து நீ கொண்டு வந்த முதல் சரக்கு இதுதானே?"

"ஆமாம்மா" என்றான் மிக்கேல், தரையில் காலை நன்றாக ஊன்றிக்கொண்டு. "கரையில நின்னுகினேதான் பொறுக்கினேன்."